மூக்கில் ஒரு சிப்பி: ‘ஆன்’ என்ற சொல்லும் ஒரு பகடி வீடியோவும்

போன மே மாத விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த அவள் மகள் பழைய இங்கிலீஷ் நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ‘ஐ ஆம் இன் தி பஸ்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் அந்த ‘இன்’னைச் சுழித்து, சிவப்பு மையில் ‘ஆன்’ என்று திருத்தியிருந்தார். பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைக்கு அந்த அரை மார்க் ஆறவில்லை.

“ஆன்னா மேலன்னுதான மாமா சொல்லிக் குடுத்தாங்க? நான் என்ன பஸ்ஸுக் கூரை மேலயா உக்காந்துட்டுப் போறேன்?”

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். எழுந்து நிற்க, நடக்க இடமிருக்கும் வண்டி என்றால் ‘ஆன்’: பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து ஏறி அப்படியே உட்கார்ந்துகொள்ளும் வண்டி என்றால் ‘இன்’: கார், ஆட்டோ. சைக்கிளும் குதிரையும் எப்படியும் ‘ஆன்’தான். ‘இன் தி பஸ்’ என்பது பெரிய குற்றமும் இல்லை, வழக்கத்தில் ‘ஆன்’ அதிகம், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்குத் தெரியும், நானும் பள்ளியில் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் குரோவர் ஞாபகம் வந்தது. செசமே ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் நீல ரோமப் பொம்மை. போனை எடுத்துத் தேடிப் பிடித்து அவளிடம் கொடுத்தேன். அன்று மாலை அந்த ஒரு வீடியோவை வைத்து நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு பிள்ளை, ஒரு சொல், ஒரு வீடியோ. இதை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்ல முடியாது. ஆனால் பகடி வீடியோ பார்த்து ஆங்கிலச் சொல் கற்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எந்த இடத்தில் வேலை செய்கிறது, எங்கே வழுக்குகிறது என்று அன்று கொஞ்சம் புரிந்தது.

அசலும் நகலும்

2010 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஓல்ட் ஸ்பைஸ் என்ற ஆண்களுக்கான பாடி வாஷுக்கு அரை நிமிட விளம்பரம் ஒன்று வந்தது. ஐசையா முஸ்தஃபா என்ற நடிகர் இடுப்பில் துண்டோடு குளியலறையில் நிற்பார். கேமராவைப் பார்த்து, உங்கள் ஆளைப் பாருங்கள், என்னைப் பாருங்கள், திரும்ப அவரைப் பாருங்கள், திரும்ப என்னைப் பாருங்கள் என்று வேகமாக அடுக்குவார். கீழே பார்த்து மேலே பார்ப்பதற்குள் குளியலறை போய்ப் படகு வந்துவிடும். கையில் ஒரு சிப்பி இருக்கும், பிறகு வைரங்கள் கொட்டும், கடைசியில் மனிதர் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும் காட்சி அது. குளியலறை செட்டைக் கிரேன் வைத்துத் தூக்கி எடுத்திருக்கிறார்கள். சிறந்த விளம்பரத்துக்கான எம்மி விருதும் அந்த வருடம் அதற்குத்தான்.

அதே வருடம் அக்டோபரில் செசமே ஸ்ட்ரீட் அதைப் பகடி செய்தது. இடுப்புத் துண்டோடு குரோவர். அதே குளியலறை, அதே படகு, அதே மிடுக்கான குரல். விற்பது மட்டும் பாடி வாஷ் இல்லை, ‘ஆன்’ என்ற ஒரே ஒரு சொல். சட்டை யார் மேல் இருக்கிறது, நாம் எதன் மேல் இருக்கிறோம் என்றே பேச்சு போகும். சிப்பி வந்து அவர் மூக்கைக் கவ்விக்கொள்ளும். கடைசியில் குதிரை மேல் இருப்பதாகப் பெருமையாகச் சொல்வார். கீழேயிருந்து ‘ம்மா’ என்று சத்தம் வரும். அது மாடு.

நான் அசல் விளம்பரத்தை அந்தக் காலத்திலேயே பார்த்தவன். அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது குரலில், துண்டில், அந்த அலட்டலில். அக்கா மகளுக்கு அசலைப் பற்றி எதுவும் தெரியாது. அது வந்தபோது அவள் பிறக்கவே இல்லை. நான் சிரித்த இடங்களில் என் முகத்தைத்தான் பார்த்தாள். ஆனால் சிப்பி மூக்கைக் கவ்விய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். மாடு கத்தியபோது போனைக் கீழே போட்டுவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்தோம். நான் சிரித்ததில் எனக்குப் புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை, பழைய விளம்பரம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அவள் சிரித்த இரண்டு இடத்திலும் சிரிப்புக்குக் காரணமே ‘ஆன்’. எது எதன் மேல் இருக்கவேண்டுமோ அது அங்கே இல்லை. குதிரை இருக்கவேண்டிய இடத்தில் மாடு, கையில் இருக்கவேண்டிய சிப்பி மூக்கில். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அங்கே சிரிக்க ஒன்றுமில்லை.

மூக்கில் ஈ

இரண்டாவது முறை ஓடவிட்டபோது நிறுத்திக் கேட்டேன். “சிப்பி எங்க இருக்கு? தமிழ்ல சொல்லு.”

“மூக்குல.”

“அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு.”

“இன் தி நோஸ்...” என்று ஆரம்பித்தவள் நின்றாள். கண்ணில் ஒரு மின்னல். “ஐயோ மாமா, இன்னுன்னா மூக்குக்குள்ள போயிடுமே!”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். நமக்கு ‘இல்’ என்ற ஒரு வேற்றுமை உருபு போதும். பெட்டியில் துணி, சுவரில் படம், விரலில் மோதிரம், மூக்கில் ஈ. உள்ளே இருப்பதற்கும் அதுதான், ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் அதுதான். எது எப்படி இருக்கிறது என்பதை வினைச்சொல்லோ பொதுஅறிவோ பார்த்துக்கொள்ளும். ஈ மூக்கில் உட்கார்ந்திருக்கிறது என்றால் உள்ளே நாற்காலி போட்டு உட்காரவில்லை என்று தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் அப்படி விடாது. உள்ளே என்றால் ‘இன்’, பரப்பில் தொட்டுக்கொண்டிருந்தால் ‘ஆன்’. ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு சொல்லைக் கற்கிற வேலை மட்டும் இல்லை. தங்கள் மொழி போடாத ஒரு கோட்டைப் புதிதாகப் போட்டுப் பழகுகிற வேலை.

‘ஆன் என்றால் மேல்’ என்று சொல்லிக்கொடுப்பது அந்தக் கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுவிடுகிறது. சுவரில் மாட்டிய படம் சுவர் மேல் ஏறி உட்காருவதில்லை. கூரையில் ஒட்டியிருக்கும் பல்லிகூட ஆங்கிலத்தில் ‘ஆன் தி சீலிங்’தான், இருப்பதோ கீழ்ப்பக்கம். மூக்கைக் கவ்விய சிப்பியும் அப்படியே. அது மூக்குக்கு மேலே மிதக்கவில்லை, தொங்கிக்கொண்டிருக்கிறது. பரப்பும் தொடுதலும்தான் விஷயம், உயரம் இல்லை. எந்த இலக்கணப் புத்தகமும் இதைச் சொல்லிவிடும். ஆனால் ஒரு சிப்பி மூக்கில் தொங்கும்போது அதைச் சொல்லவே தேவைப்படவில்லை. ‘இன்’ போட்டால் என்ன ஆகும் என்று அவளே மனக்கண்ணில் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் அரை மணி நேரம் வீடு அவள் கையில். தோளில் ஒரு துண்டு, குரலில் ஓர் அலட்டல். ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பூனையைக் காட்டி, “லுக் அட் தி கேட். இட் இஸ் ஆன் தி ஃபிரிட்ஜ். நவ் லுக் அட் மீ. ஐ ஆம் ஆன் தி...” என்று சொல்லிக்கொண்டே அவள் அப்பாவின் முதுகில் தாவி ஏறினாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பாவம்.

மேஜை மேல் புத்தகம்

அவள் செய்ததைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. ‘தி புக் இஸ் ஆன் தி டேபிள்.’ தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்த யாரும் இந்த வாக்கியத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. ஐம்பதுகளில் அன்றைய சென்னை மாநிலப் பாடத்திட்டத்துக்குள் வந்த ‘ஸ்ட்ரக்சுரல்’ முறையின் மிச்சம் அது. வாக்கிய அமைப்பு மாறாது, ஒரு கட்டத்தில் இருக்கும் சொல் மட்டும் மாறும். புக் இருந்த இடத்தில் பென், டேபிள் இருந்த இடத்தில் சேர். கரும்பலகையில் கட்டம் போட்டு, வகுப்பே கோரஸாகச் சொல்லும். இதற்கு சப்ஸ்டிடியூஷன் டேபிள் என்று பெயர்.

குரோவர் செய்வதும் அச்சு அசல் இதே கட்டம்தான். இடம் மாறுகிறது, பொருள் மாறுகிறது, ‘ஆன்’ மட்டும் அசையாமல் நிற்கிறது. அதைவிட வேடிக்கை, அந்த ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரமே வடிவத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. இதைப் பார், அதைப் பார், கீழே பார், மேலே பார், இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போகிறது. செசமே ஸ்ட்ரீட் எழுத்தாளர்களின் சாமர்த்தியம் நகைச்சுவையில் இருப்பதைவிட அசலைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடம் போல இருக்கும் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அப்புறம் உள்ளே பாடத்தை வைப்பது சுலபம்.

அதே 2010 செப்டம்பரில் பாடகி கேட்டி பெர்ரியும் செசமே ஸ்ட்ரீட்டின் எல்மோ பொம்மையும் சேர்ந்து பாடிய வீடியோவிலும் இதே கணக்குதான். அவருடைய ‘ஹாட் அண்ட் கோல்ட்’ பாட்டு ஏற்கெனவே எதிர்ச்சொற்களின் அடுக்கு. வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றினால் குழந்தைகளுக்கான எதிர்ச்சொல் பாடம் தயார். ஆனால் பாடகியின் உடையின் கழுத்து இறக்கம் பற்றிப் பெற்றோர்கள் குறைசொன்னதால் அது டிவியில் வராமலே நிறுத்தப்பட்டது. மாடியில் இருப்பவர்களுக்கான சரக்கு கீழ்வீட்டுக்கும் கேட்டுவிட்டது.

மாடி, கீழ்வீடு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செசமே ஸ்ட்ரீட்டின் பகடிகள் எல்லாமே இரண்டு தளத்தில் கட்டியவை: மாடி பெரியவர்களுக்கு, கீழ்வீடு பிள்ளைகளுக்கு. 2009இல் பெரியவர்களுக்கான ‘மேட் மென்’ தொடரைப் பகடி செய்து கோபம், சோகம், மகிழ்ச்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை எங்கே ‘மேட் மென்’ பார்க்கப்போகிறது? அந்தப் பகடி சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்காக. அவர்கள் எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்து பார்த்தால், ‘அது என்ன சொல்லு’ என்று பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசுவார்கள். பிள்ளை அதில்தான் அதிகம் கற்கிறது என்பது அந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர்களின் கணக்கு.

அன்று மாலை என் விஷயத்திலும் அதுதான் நடந்தது. நான் வீடியோவை நிறுத்தி ‘சிப்பி எங்கே’ என்று கேட்டிருக்காவிட்டால் மூக்குக்குள் போகும் அந்தக் காட்சி அவளுக்குத் தோன்றியிருக்குமா? சந்தேகம்தான். சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளியிருப்பாள்.

தோற்றுப்போன உளவாளி

பகடி என்றாலே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு செசமே ஸ்ட்ரீட்டே ஒரு எதிர் உதாரணம் வைத்திருக்கிறது. 1969 நவம்பர் 10இல் நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய கோடையில் ஃபிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிச் சோதித்தார்கள். ‘தி மேன் ஃப்ரம் ஆல்ஃபபெட்’ என்ற ஒரு பகுதி அதில் இருந்தது. உளவாளிக் கதைகளைக் கிண்டலடித்து, எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கும் பகடி. பெரியவர்கள் எழுதும்போது ரொம்ப ரசித்துத்தான் எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அதைத் தூக்கிவிட்டார்கள், ஒளிபரப்பாகவே இல்லை.

கண்ணைத் திருப்புவதை எப்படி அளந்தார்கள் என்பது சுவாரஸ்யமானது. எட்வர்ட் பால்மர் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை. அதில் ஏழரை வினாடிக்கு ஒரு ஸ்லைடு மாறிக்கொண்டே இருக்கும். டிவியில் ஓடுவது சலித்தால் பிள்ளை ஸ்லைடைப் பார்க்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிள்ளையின் கண் எப்போது எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார். எந்த நொடியில் காட்சி பிடியை விடுகிறது என்று அப்படியே தெரிந்துவிடும். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அந்த இரண்டாவது திரை இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால் அடுத்த ஸ்லைடு.

உளவாளி தோற்றதற்கு நான் நினைக்கும் காரணம், அதில் சிரிப்பு முழுக்க அசலின் மேல் இருந்தது. உளவாளிப் படம் பார்த்திராத மூன்று வயதுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கிண்டல் யார் மேல்

பெரியவர்களுக்கான பகடிக்கு வருவோம். ‘வியர்ட் ஆல்’ யாங்கோவிக், அமெரிக்காவின் பகடிப் பாட்டு மன்னர். 2014 ஜூலையில் எட்டு நாளில் எட்டு வீடியோ வெளியிட்டார். அந்த ஆல்பம்தான் பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த முதல் முதலிடம். எட்டில் ஒன்று ‘வேர்ட் கிரைம்ஸ்’. முந்தைய வருடம் சக்கைப்போடு போட்ட ஒரு பாட்டின் மெட்டில், ஆங்கிலத்தைத் தப்பாக எழுதுகிறவர்களைப் போட்டுத் தாளிக்கும் பாட்டு. ஜாரெட் ஹெதர் செய்த அசையும் எழுத்துகளில் சொற்களே ஆடும், உடையும், அடிக்கோடு வாங்கும். பார்க்க அவ்வளவு அழகு.

‘லெஸ்’ எங்கே, ‘ஃப்யூவர்’ எங்கே என்பது, எஸ்பிரெஸோவில் எக்ஸ் எழுத்து கிடையாது என்பது, ‘குட்ன்ட் கேர் லெஸ்’ (எனக்கு அதில் துளியும் அக்கறை இல்லை) என்று சொல்லவேண்டியதை ‘குட் கேர் லெஸ்’ என்று சொன்னால் பொருளே தலைகீழ் என்பது, எல்லாம் வருகிறது. நம் ஊர் காபிக் கடைகளில் இன்றும் எக்ஸ்பிரஸோ என்று போர்டு இருக்கிறது, எனக்கு அந்த வரி மட்டும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம்? ஏற்கெனவே தெரிந்தவர் தலையை ஆட்டிச் சிரிக்கலாம். தெரியாதவருக்கு அது பாடம் இல்லை, வசவு. ‘ஃப்யூவர்’ என்றால் எண்ணக்கூடியதற்கு என்று விளக்க அங்கே நேரமில்லை, மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. குரோவரில் மூக்குக் கடிபட்டது குரோவருக்கு. இங்கே கடி கற்பவருக்கு.

ஆனால் அந்தப் பாட்டிலும் ஒருவர் ஒரு சொல் கற்றுக்கொண்டார், பாடகரே. திட்டும் வேகத்தில் ‘ஸ்பாஸ்டிக்’ என்ற சொல்லைப் போட்டிருந்தார். அமெரிக்க வாயில் அது ஏதோ கோணல்மாணல் என்பது போன்ற ஒரு லேசான சொல். பிரிட்டனில் அது மூளை முடக்குவாதம் உள்ளவர்களை இழிவுபடுத்தும் கடுமையான வசைச்சொல். கேட்டவர்கள் கொதித்தார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது தெரியாது என்று ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். நமக்கோ அது சென்னையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பின் பெயரிலேயே இருக்கும் சொல். ஒரே சொல், மூன்று ஊரில் மூன்று எடை. வேறொருவரின் ஊர்க் கிண்டலை வைத்துச் சொல் கற்கும்போது இந்த எடை மட்டும் பார்சலில் வருவதில்லை. பகடிகளில் வரும் கெட்ட வார்த்தைகளும் பட்டப்பெயர்களும் பிள்ளைகள் வாயில் முதலில் ஏறிக்கொள்வதை எந்த ஆங்கில டீச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

மீதி ‘ஆன்’

குரோவர் கற்றுத்தந்தது ‘ஆன்’ என்ற சொல்லின் ஒரு கை மட்டும்தான்: தொட்டுக்கொண்டிருத்தல். ‘ஆன் மண்டே’ அதில் இல்லை. லைட் ஆன், ஃபேன் ஆன் இல்லை. அவை நம் பிள்ளைகளுக்குத் தமிழாகவே தெரியும், ‘ஃபேனை ஆன் பண்ணு’ என்றுதானே சொல்கிறோம். ‘ஆன் தி ஃபோன்’ கிடையாது. அவளிடம் மறுநாள் ‘திங்கட்கிழமை வருவேன்’ என்பதை ஆங்கிலத்தில் கேட்டேன், ‘இன் மண்டே’ என்றாள் சர்வசாதாரணமாக. சிப்பியைக் கொண்டுவந்து திங்கட்கிழமையைக் கவ்வ வைக்க முடியாதே. அதை மனப்பாடம்தான் செய்யவேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பஸ் விஷயமும் உண்மையில் தீரவில்லை. மூக்கு, ஃபிரிட்ஜ், அப்பா முதுகு எல்லாவற்றுக்கும் அவளுக்கு இப்போது ‘ஆன்’ தடுமாறாமல் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு இருக்கிறது. பஸ்ஸுக்கு அப்படி ஒரு பரப்பு அவளுக்குத் தெரியவில்லை. படகைக் காட்டி, “குரோவர் படகு மேல நிக்கிறாரு இல்ல, பஸ்ஸையும் ரோட்டுல ஓடுற படகுன்னு வச்சுக்கோ” என்று சொல்லிப்பார்த்தேன். “படகுக்குக் கூரை இல்ல மாமா, பஸ்ஸுக்கு இருக்கு” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள் சாயந்தரம் அக்கா போனிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கண்டக்டர் விசில், எஞ்சின் இரைச்சல். அதற்கு நடுவில் குரோவர் குரலில் அலட்டிக்கொண்டு ஒரு பிள்ளை: “ஹலோ மாமா. லுக் அட் மீ. ஐ ஆம் ஆன் தி பஸ்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, ரகசியம் சொல்வது போல: “இன்சைட்.”